கிழிந்த படப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்!

ஒரு ராஜா. கையில் உருவிய வாள். தோளில் பிணம். சுற்றிலும் சுடுகாடு.

இதைப் படித்ததும் ஒரு படம் கண் முன் வருகிறதா? அப்படியானால் நீங்கள் சிறு வயதில் "அம்புலிமாமா" பார்த்தவர்!

1947-ம் ஆண்டு ஜூலை மாதம் அம்புலிமாமா பிறந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு! பின்னாளில் "மாயா பஜார்" படம் எடுத்த நாகி ரெட்டியும், சக்ரபாணியும் சென்னையில் அதைத் தொடங்கினார்கள். முதலில் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. பிறகு பல மொழிகளில் வந்தது. 2013-ம் ஆண்டோடு நின்றுவிட்டது.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 1924-ல் பிறந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அம்புலிமாமாவுக்குப் படம் வரைந்தார். 2020-ல் காலமானார். அவரைத் தாத்தாக்களுக்கும் தெரியும், பேரன்களுக்கும் தெரியும்.

வேதாளம் கேட்ட கேள்விகள் பலருக்கு மறந்துவிட்டன. ராஜா சொன்ன பதிலும் மறந்துவிட்டது. படம் மட்டும் மறக்கவில்லை. என்ன காரணம்? எழுத்து தெரியும் முன்பே கண்ணுக்குப் படம் தெரிகிறது. முதலில் வந்து உட்கார்ந்தது கடைசிவரை போகாது!

பாட்டி சொன்ன கதை

அந்தக் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். தங்கை படம் பார்ப்பாள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் படத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த கதையைச் சொல்வாள். புத்தகத்தில் இருந்த கதை வேறு. பாட்டி சொன்ன கதை வேறு. அதனால் குடி முழுகிப் போய்விட்டதா? இல்லை! பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இரண்டு கதை கிடைத்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று ஒதுங்கும் தாய்மார்கள் உண்டு. ஒதுங்க வேண்டாம், அம்மா! படத்தின் மேல் விரலை வையுங்கள். "இது யார்? எங்கே போகிறான்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும். ஒரு நாள் படத்துக்குக் கீழே உள்ள எழுத்தையும் அது படித்துக் காட்டும். அந்த எழுத்தை நீங்களும் பாருங்கள். இருவரும் சேர்ந்தே படித்துவிடலாம்.

"படம் பார்த்தால் படிப்பு ஏறுமா?" என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். ஏறும்! வேதாளம் என்ன கேட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் எத்தனையோ பிள்ளைகள் எழுத்துக் கூட்டினார்கள். படம் ஆசையைத் தந்தது. ஆசை படிப்பைத் தந்தது.

நிற்கும் படம்

இன்று பிள்ளைகள் கையில் செல்போன். அதில் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை ஒரு கேள்வி கேட்பதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. புத்தகத்தில் உள்ள படம் ஓடாது. பிள்ளை கேட்டு முடிக்கும் வரை, அம்மா பதில் சொல்லி முடிக்கும் வரை, பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆகவே, மாதம் ஒரு படப் புத்தகமாவது வாங்கிக் கொடுங்கள். வாங்க முடியாவிட்டால் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பழைய புத்தகம் கிழிந்து கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பசை தடவி ஒட்டி வையுங்கள்.

பழைய பேப்பர் கடையில் அதற்குச் சில ரூபாய்தான் கிடைக்கும். நாற்பது வருடம் கழித்து உங்கள் மகன் அதைப் புரட்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்ன உங்கள் குரல் கிடைக்கும்!