ஆதாரம் எங்கே?

விக்கிப்பீடியாவில் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகளோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

ஒரு ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர், தட்டுத் தடுமாறித் தன் ஊர் ஏரியைப் பற்றி நாலு பாரா எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருமையாக வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் நாலும் காலி. அல்லது வரிக்கு வரி ‘சான்று தேவை’ என்று ஒரு சீட்டு. சான்று என்றால்? தாசில்தாரிடம் வாங்கும் சர்ட்டிஃபிகேட்டா? கேட்டால் ஏழெட்டு விதிப் பக்கங்களைக் காட்டுவார்கள். மனிதர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வாக்கிங் போய்விடுவார். ஏரியும் அவரோடு போச்சு.

விதி தப்பென்று சொல்லவில்லை. ரொம்பச் சரி. 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் கென்னடி கொலையில் சம்பந்தம் இருந்ததாக எவனோ விளையாட்டாக எழுதிவைக்க, அது நாலு மாதம் அப்படியே கிடந்தது. 2009-ல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு இசையமைத்த மோரீஸ் ஜார் இறந்த சேதி வந்ததும், அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொன்னதாக உருக்கமான வாசகம் ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்துச் செருகினார். ஆதாரமில்லை என்று விக்கிப்பீடியாக்காரர்கள் அதைத் தூக்கினார்கள். பெரிய பெரிய பேப்பர்கள் அஞ்சலியில் அச்சடித்தன! சம்பளக்காரர்கள் கோட்டை விட்டதைச் சம்பளமில்லாதவர்கள் பிடித்தார்கள். சபாஷ்.

ஆனால் பித்தலாட்டக்காரனுக்குத் தீட்டிய கத்தியை போஸ்ட் மாஸ்டர் மேல் வீசுவானேன்? அவருக்கு அடிக்குறிப்புப் போடத் தெரியாது, அவ்வளவுதான். எங்கே கற்றிருப்பார்? பள்ளிக்கூடக் கட்டுரையில் ‘அறிஞர்கள் கூறுகின்றனர்’ என்றாலே மார்க் விழும். எந்த அறிஞர் என்று யார் கேட்டார்கள்? (தொல்காப்பியரே பல சூத்திரங்களைப் புலவர்கள் சொல்வார்கள் என்ற பாணியில்தான் முடிக்கிறார். இன்று எழுதினால் அவர் தலையிலும் சீட்டுதான்.) இதற்கு நேர் எதிர் உ.வே.சா. ஏடு கொடுத்தவர்களைப் பெயரும் ஊருமாக முன்னுரையில் எழுதி, பாடபேதமும் காட்டினார். அவரையாவது நம் பாடப் புத்தகங்கள் இந்தக் காரணத்துக்காகக் கொண்டாடியதுண்டா?

ஆகவே ஐயாமார்களே, அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: “இதை எதில் படிச்சீங்க சார்?” மாவட்ட கெஸட்டியர் என்பார், கல்வெட்டுத் தொகுதி என்பார். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வருஷம், பக்கம் எல்லாம் வாங்கி முதல் அடிக்குறிப்பை நீங்களே போட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இரண்டாவதை அவரே போடுவார். இணையப் பக்கமென்றால் முகவரி கொடுத்தாலே கருவி பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளும். பழைய புத்தகத்துக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். “எங்க தாத்தா சொன்னார்” என்றால், தாத்தா கதை முதலில் வேறெங்காவது அச்சில் வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லலாம்.

உயிரோடிருப்பவரைப் பற்றி அவதூறா, யோசிக்காமல் தூக்குங்கள். ஏரியின் பரப்பளவு ஒரு வாரம் சான்றில்லாமல் கிடந்தால் குடி முழுகிப் போகாது.

இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். சீட்டு ஒட்ட மட்டும் இருந்ததே?