அருளப்பன், முடியப்பன், சின்னப்பன்

முடியப்பன் என்ற பெயரைக் கேட்டால் பழனி மொட்டையை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பவர் கிறிஸ்தவ மரபின் முதல் வேதசாட்சியான ஸ்தேவான். கிரேக்கத்தில் ஸ்தெபனோஸ் என்றால் வென்றவர் தலையில் சூட்டும் முடி. பெயர்த்தவர் ஒலியை விட்டுவிட்டார், பொருளை எடுத்துக்கொண்டார். லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். தமிழில் சின்னப்பர் ஆனார். ஆசி பெற்றவர் என்று பொருள்படும் பெனடிக்ட், ஆசீர்வாதப்பர். லாசர் என்பது 'கடவுள் உதவினார்' என்னும் எபிரேயப் பெயரின் சுருக்கம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அதைத்தான் தேவசகாயம் என்று சூட்டினார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் தேவசகாயம் என்ற பெயர் உடன் இருந்தது.

இந்த மரபின் அழகு முழுவதும் தெரிவது யோவானிடம். எபிரேயத்தில் யோகனான், 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்று பொருள். போன இடமெல்லாம் அந்தந்த ஊர் நாக்குக்கு ஏற்ப அது வளைந்தது: இத்தாலியில் ஜியோவான்னி, ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், அரபியில் யஹ்யா. பொருளைப் பெயருக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு ஓசை மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. தமிழில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். நற்செய்தி எழுதியவர் அருளப்பர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர். வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியத்தில் திருமுழுக்கு யோவான், கருணையன். ஒரே பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கும் அளவுக்கு அதன் பொருளில் தோய்ந்திருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. 1530களில் முத்துக்குளித்துறையில் மதம் மாறிய பரதவர்கள் போர்த்துகீசியப் பெயர்களையே ஏற்றார்கள். பர்னாந்துகளும் மச்சாதுகளும் இன்றும் அந்தக் கரையில் வாழ்கிறார்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலிக்கு அது உறுத்தியது. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்று மக்கள் எண்ணுவதை அவர் மாற்ற விரும்பினார். உள்நாட்டில் வேரூன்றிய பெயர்கள் அவருடைய இந்த விருப்பத்தின் பிள்ளைகள். சின்னப்பன் என்று ஒருவரைத் தெருவில் கூப்பிட்டால், அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஊரோடு ஒன்றாக வாழ்வதற்கு அதைவிட நல்ல பெயர் வேறென்ன?

வீரமாமுனிவரும் இதே வழியில் நடந்தவர். தம் கொன்ஸ்தான்சோ என்ற பெயரின் உறுதியைத் தமிழில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். தேம்பாவணியின் நாயகன் யோசேப்பு. எபிரேயத்தில் 'அவர் பெருகச் செய்வார்' என்பது அதன் பொருள். முனிவர் வளன் என்றார். ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது ஒலிவழி வந்த சூசை. காப்பியத்துக்கு வளன், களத்துமேட்டுக்குச் சூசை. இரண்டும் தமிழே. இவற்றில் தைரியம், தேவசகாயம் போன்றவை வடசொல் ஆயிற்றே என்று குறைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவை அந்தக் காலத்து மக்கள் புழங்கிய சொற்கள், கேட்டவருக்கு உடனே விளங்கின.

வேறு மக்களும் இதைச் செய்திருக்கிறார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் மானைக் குறிக்கும் எபிரேய ஸ்வியையும் இத்திஷ் ஹிர்ஷையும் சேர்த்து ஸ்வி ஹிர்ஷ் என்றே பெயரிட்டார்கள். ஜெபத்துக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று, இரண்டும் ஒரே பொருள்.

நம்மிடம் இந்த மரபு வேகமாகத் தேய்கிறது. அருளப்பனின் பேரன் ஜான், முடியப்பனின் பேரன் ஸ்டீவ். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே நூலை வாசிக்க வழி செய்தது. அது பெரிய காரியம். ஆனால் அதில் யோவான், பவுல் என்ற வடிவங்கள் நின்றதால், அருளப்பரும் சின்னப்பரும் பீடத்து வாசகங்களிலிருந்து இறங்கிவிட்டார்கள். எந்த மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இந்தப் பெயர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நூல்களைப் பெயர்த்தவர்களுக்கு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையின் காதில் ஓதுவதற்காக ஒரு பெயரைப் பெயர்த்தவருக்கு ஒருவரும் இல்லை.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலோ பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலோ இப்படிப் பொருள் பெயர்த்த பெயர்கள் கண்ணில் பட்டால், ஊர், ஆண்டு, வீட்டில் கூப்பிட்ட வடிவம் ஆகியவற்றோடு எழுதி அனுப்புங்கள். முழுப் பட்டியலையும் இதழில் வெளியிடுவோம்.