கரும்படலத்தோடு நிறுத்திவிட வேண்டாம்

மன்னார்குடியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து வரும் வயதான பெண்களில் ஒரு சாராரை நெஞ்சக மருத்துவர்கள் பார்த்ததும் அறிவார்கள். பீடி தொட்டதில்லை. மாதக்கணக்கில் இருமல், நாலடி நடந்தால் இளைப்பு. எக்ஸ்ரேயில் வலது நடுமடல் சுருங்கியிருக்கும், சளியில் கிருமி இராது. ஆனாலும் காசநோய் மாத்திரையை ஒரு சுற்று முடித்திருப்பார்கள். சிலர் இரண்டு சுற்று.

மூச்சுக்குழாயின் உட்புறத்தைத் திரையில் காட்டும் உயர்தெளிவு வீடியோ பிராங்கோஸ்கோப் காவிரி டெல்டாவில் முதலில் பயன்பட வேண்டியது இவர்களுக்குத்தான். ஷிகெட்டோ இகேடா 1966-ல் அறிமுகப்படுத்திய வளையும் கருவியில் படம் கண்ணாடியிழைக் கற்றை வழியே வந்தது. இழை ஒன்று முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும். இன்று குழாயின் நுனியிலேயே கேமரா சில்லு. சளிச்சவ்வின் மெல்லிய ரத்தநாளங்கள்கூடத் தெரிகின்றன. 415, 540 நானோமீட்டர் குறும்பட்டை ஒளியில் அவை இன்னும் துலங்கும். இப்போது திரையில் கருமை தெரிந்தால் அது கருவியின் பழுதல்ல, நோயாளியின் மூச்சுக்குழாயில் இருப்பது.

நடுமடல் வாசலில் நீலம் பாய்ந்த கருமை, தடித்த மடிப்புகள், குழாய் நுழையாத அளவு இறுக்கம்: ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ். கொரிய மருத்துவர்கள் 1998-ல் இதை விவரித்தார்கள். விறகு, சாணப் புகையில் நெடுங்காலம் சமைத்த பெண்களிடம் இது மிகுதி. நெல் அவிக்கும் அண்டாவின் அடியில் உமியும் தென்னை மட்டையும் சீமைக் கருவேலமும் எரித்த கைகள் நம் பக்கத்துக் கைகள். நம் கேஸ் ஷீட்டிலோ ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்று எழுதியதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

கருமையைக் கண்டதும் ‘அடுப்புப் புகை’ என்று முடித்துவிடுவதும் அதே அளவு ஆபத்து. காசநோய் இதோடு சேர்ந்தே இருக்கலாம், புற்றும் இருக்கலாம். எவ்வளவு தெளிவான படமும் கிருமியைக் காட்டாது. ஆகவே மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கும் கழுவுநீர் சிபிநாட் (CBNAAT) சோதனைக்கும் கல்ச்சருக்கும் கட்டாயம் போக வேண்டும். பரிசோதனை முடிந்தபின் நோயாளி துப்பும் சளியையும் சேகரியுங்கள். பல வார்டுகளில் வீணாகும் மாதிரி அது. லிக்னோகெய்ன் காசக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால் மாதிரி எடுக்கும் முன் தேவைக்கு மேல் தெளிக்க வேண்டாம். கருவியைச் சுத்தம் செய்வதில் சமரசமே கூடாது. முந்தையவரின் கிருமி உள்வழியில் தங்கினால், நோயில்லாத ஒருவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்க நேரும்.

மன்னார்குடி அரசு தலைமை மருத்துவமனை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சளியில் கிருமி இல்லை, நடுமடல் சுருங்கியிருக்கிறது என்றால், இரண்டாம் சுற்று மாத்திரை தொடங்கும் முன் பிராங்கோஸ்கோப் பரிசோதனைக்காகத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். எந்த அடுப்பில், எத்தனை ஆண்டு சமைத்தார் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்கள் அறிக்கையோடு படப்பதிவையும் அனுப்பிய மருத்துவருக்கே திருப்பித் தர வேண்டும். அந்த அம்மாவைத் தொடர்ந்து பார்க்கப்போகிறவர் அவர்தான்.