கலெக்டர் படிக்கலாம், நகராட்சி இன்ஜினியர் படிக்கக் கூடாதா?

ஒரு ஐஏஎஸ் அதிகாரி சர்வீஸுக்கு நடுவுல மேல படிக்கணும்னா வழி இருக்கு நண்பர்களே. முசோரி அகாடமி பயிற்சி, டெல்லி ஐஐபிஏ-வில் 10 மாதப் படிப்பு, ஒன்றிய அரசு செலவிலேயே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். தப்பே இல்ல, படிக்கட்டும்.

உங்க ஊர் நகராட்சி உதவிப் பொறியாளரை யோசிச்சுப் பாருங்க. காலேஜ்ல அவருக்கு பீம் டிசைன் சொல்லிக் கொடுத்தாங்க (நானும் அதே சிலபஸ்தான்!). 1998 டெண்டர் சட்டம், தணிக்கை ஆட்சேபணை, பட்ஜெட் ஒதுக்கீடு, இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. பழைய ஃபைலைப் புரட்டிப் புரட்டித்தான் கத்துக்கிட்டார். உங்க தெரு மழைநீர் வடிகால் அவர் மேஜையைத் தாண்டித்தான் வரணும்.

அவர் படிக்க நினைச்சா? இக்னோவில் பொது நிர்வாக முதுகலை இருக்கு. எந்த டிகிரியும் போதும், 2 வருஷப் படிப்பை 4 வருஷத்துல முடிக்கலாம். ஆனா பாடம் இங்கிலீஷ், இல்லன்னா இந்தி! ஃபீஸ் பெரும்பாலும் கைக்காசு, நேரம் ராத்திரித் தூக்கத்துல இருந்து.

10 வருஷம் முடிச்ச உள்ளாட்சி ஊழியருக்குத் தமிழ்ல பாடம், அரசே கட்டணம், பரீட்சை நாட்களுக்குச் சம்பளத்தோட லீவு. இவ்வளவுதான் கேட்கிறோம். நகர்மன்றத்துல இதுக்கு ஒரு தீர்மானம் போடச் சொல்லி உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க.