பாட்டும் பேரேடும்

பழைய கம்ப்யூட்டரை விட்டுப் புதியதற்குக் குடிபோகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: "என் பாட்டுகளெல்லாம் வந்துவிடுமா?" வந்துவிடும், ஐயா, நிச்சயமாய் வந்துவிடும். பாட்டுகள் வருவதில் பெரிய கஷ்டம் ஒன்றும் கிடையாது. ஒரு ஹார்டு டிஸ்க்கில் அவற்றை நகல் எடுத்துக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் இறக்கிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் பாட்டோடு கூட வரவேண்டிய வேறொன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைப் பற்றிச் சொல்லலாமென்று உத்தேசம்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகசாலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரிகளில் புத்தகங்கள் இருக்கின்றன. மேஜையின் மேல் ஒரு பேரேடு இருக்கிறது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த வருஷம் வாங்கியது, எத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள், கடைசியாகத் திரும்பி வந்த தேதி என்ன என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கட்டடம் மாறும்பொழுது புத்தகங்களையெல்லாம் ஜாக்கிரதையாக மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டுப் பேரேட்டைப் பழைய மேஜையிலேயே விட்டு வந்தால் என்ன ஆகும்? ஒரு புத்தகங்கூடத் தொலைந்ததாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் புதிய கட்டடத்தில் இருப்பது புத்தகசாலையல்ல, புத்தகக் குவியல்தான்.

கம்ப்யூட்டரில் பாட்டுகளைச் சேர்த்து வைப்பதற்கு ஏற்பட்ட சாதனங்களில் மிகவும் பிரசித்தமானது ஆப்பிள் கம்பெனியாரின் ஐடியூன்ஸ். 2001-ம் வருஷம் ஜனவரி மாதம் 9-ந் தேதி அது வெளிவந்தது. முதலில் அக்கம்பெனியாரின் மாக் கம்ப்யூட்டர்களில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. 2003-ம் வருஷம் அக்டோபரில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. 2019-ல் மாக்கில் அதற்கு 'மியூஸிக்' என்று பெயர் மாறி, சினிமாவும் பேச்சு நிகழ்ச்சிகளும் தனித் தனியாகப் பிரிந்து போயின. 2024-ல் விண்டோஸுக்கும் ஆப்பிள் மியூஸிக் என்ற தனிச் சாதனம் வந்தது. பெயர் என்னவானாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு நம் புத்தகசாலையின் ஏற்பாடுதான். பாட்டுப் பைல்கள் ஒரு பக்கம். அவற்றைப் பற்றிய பேரேடு மற்றொரு பக்கம். விண்டோஸில் 'மியூஸிக்' என்னும் போல்டருக்குள் 'ஐடியூன்ஸ்' என்ற போல்டரைத் திறந்து பாருங்கள். 'ஐடியூன்ஸ் மீடியா' என்று ஒரு பெரிய போல்டர் இருக்கும். அது அலமாரி. அதன் அருகிலேயே 'ஐடியூன்ஸ் லைப்ரரி' என்ற பெயரோடு ஒரு சின்னப் பைல் ஒண்டிக்கொண்டிருக்கும். அதுதான் பேரேடு. அலமாரி அறுபது ஜிகாபைட் இருந்தால் இது சில மெகாபைட்டுதான் இருக்கும். ஆள் சிறியவராயிருப்பதனால்தானோ என்னவோ, வீடு மாறுகிறவர்கள் இவரைக் கவனிப்பதேயில்லை.

இவரிடம் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். நீங்கள் கட்டி வைத்த பிளேலிஸ்ட்டுகள் எல்லாம் இவரிடந்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டையும் எந்தத் தேதியில் சேர்த்தீர்கள், எத்தனை தரம் முழுவதும் கேட்டீர்கள், கடைசியாகக் கேட்டது என்றைக்கு, எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள் என்ற கணக்கும் இவரிடந்தான். பாட்டின் பெயர், பாடினவர் பெயர் முதலிய விவரங்கள் எம்.பி.3 பைலாயிருந்தால் அந்தப் பைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். புத்தகத்தின் முதற் பக்கத்தில் தலைப்பு அச்சாகியிருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே போகும்.

வேவ் என்ற ஜாதிப் பைல்களின் கதை வேறு. பழைய காஸெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் ஓசை நயம் சிறிதும் கெடக்கூடாதென்று அநேகமாக வேவ் பைலாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 மெகாபைட் வீதம், 60 நிமிஷக் காஸெட் ஒன்று 600 மெகாபைட்டை விழுங்கிவிடும். அது போகட்டும். இந்தப் பைலுக்குள் ஐடியூன்ஸ் ஓர் அட்சரங்கூட எழுதுவதில்லை. நீங்கள் உட்கார்ந்து அடித்து வைத்த ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாம் பேரேட்டில் மட்டுமே பதிவாகின்றன. பைலைத் தனியே எடுத்துப் போனால் போகிறது ஓசை மாத்திரந்தான்.

இதனால் என்ன நேரும் என்பதை எங்கள் தெருவில் கண்ணாரக் கண்டேன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் முப்பது வருஷமாகக் கோயில் உத்ஸவக் கச்சேரிகளையும் ரேடியோக் கச்சேரிகளையும் காஸெட்டில் பிடித்து வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பைல்களுக்கு அவர் வைத்த பெயர் 'காஸெட் 14, முதற் பக்கம்' என்ற மாதிரி இருக்கும். விவரங்களையெல்லாம் ஐடியூன்ஸில் எழுதினார். எந்த ஊர், எந்த வருஷம், யார் மிருதங்கம், எந்த ராகத்தை எத்தனை நிமிஷம் ஆலாபனை செய்தார் என்பது முதல் ஒன்றும் பாக்கியில்லை. அவர் காலமான பிறகு, கம்ப்யூட்டர் மிகவும் பழசாகிவிட்டதென்று மருமான் ஒருவன் புதியது வாங்கிக் கொடுத்துப் பாட்டுகளையும் மாற்றி வைத்தான். கெட்டிக்காரப் பையன், ஒரு பைலைக்கூட விடவில்லை. "அத்தை, எல்லாம் வந்துவிட்டது, எண்ணிப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான்.

அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஸார், பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனால் எது எது என்று தெரியவில்லையே? அவர் தினம் சாயங்காலம் ஒரு தோடி போடுவார். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்றார். புதிய கம்ப்யூட்டரில் 'காஸெட் 1' தொடங்கிக் 'காஸெட் 112' வரையில் வரிசையாக நின்றன. தோடி அவற்றில் எங்கோ இருந்தது. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பதென்றால் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நல்ல வேளையாகப் பழைய கம்ப்யூட்டரை இன்னும் பழைய சாமான்காரருக்குப் போடவில்லை. பரணிலிருந்து இறக்கித் தட்டிப் பார்த்ததில், நிதானமாக முனகிக்கொண்டே உயிர் பெற்று எழுந்தது. ஐடியூன்ஸைத் திறந்தோம். கேட்ட தடவைகளின் எண்ணிக்கைப்படி வரிசை செய்தவுடன் தோடி தலைமேலே வந்து நின்றது: 318 தடவை. கடைசியாகக் கேட்ட தேதி அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள். அந்த அம்மாள் வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது அப்படியே வருமா?" என்று கேட்டார். வந்தது. எப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேரேட்டைக் கொண்டுபோனால் மட்டும் போதாது. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் விலாசம் எழுதியிருக்கிறது: இன்ன டிரைவ், இன்னார் பெயருள்ள போல்டர், அதற்குள் இன்ன அறை என்று. புதிய கம்ப்யூட்டரில் உங்கள் பெயரை வேறு விதமாய்க் கொடுத்திருந்தாலும், 'டி' டிரைவ் 'ஈ' டிரைவாக மாறியிருந்தாலும் விலாசம் பொய்யாகிவிடும். பாட்டின் அருகில் ஓர் ஆச்சரியக் குறி முளைக்கும். பைல் அகப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். கதவிலக்கம் மாறிப்போன தெருவில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரர் திண்டாடுவதற்கு ஒப்பானது இது.

இதற்குப் பரிகாரம் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ள வேண்டும். ஐடியூன்ஸில் 'பைல்' என்ற தலைப்பின் கீழ் 'லைப்ரரி', அதற்குள் 'ஆர்கனைஸ் லைப்ரரி', அதற்குள் 'கன்ஸாலிடேட் பைல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், மூலைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கும் பாட்டுகளையெல்லாம் மீடியா போல்டருக்குள் நகல் எடுத்துச் சேர்த்துவிடும். பேரேட்டிலும் புதிய விலாசத்தை எழுதிக்கொள்ளும். இது நகல் எடுக்கும் வேலையானபடியால், வெளியே கிடக்கும் பாட்டுகள் எவ்வளவோ அவ்வளவு இடம் டிஸ்க்கில் காலியாக இருக்க வேண்டும். எங்கள் தெருவுக் கம்ப்யூட்டரில் இதற்கு இடம் பண்ணுவதற்காகக் கலியாண வீடியோக்கள் சிலவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

சேர்ந்ததும் ஐடியூன்ஸை மூடிவிடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு நகல் எடுத்தால், எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைக் கையிலிருந்து பிடுங்குவதாகும். மூடிய பிறகு 'ஐடியூன்ஸ்' என்ற பெரிய போல்டரை, உள்ளே எதையும் பொறுக்காமல் விலக்காமல், முழுவதுமாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அங்கிருந்து புதிய கம்ப்யூட்டரில் அதே 'மியூஸிக்' போல்டருக்குள் வையுங்கள். அலமாரியும் பேரேடும் பக்கத்தில் பக்கத்திலேயே இருப்பதால், டிரைவின் பெயரும் உங்கள் பெயரும் மாறியிருந்தாலுங்கூட ஐடியூன்ஸ் தானே தேடிக் கண்டுபிடித்து விலாசங்களைத் திருத்திக்கொள்கிறது. முதல் தடவை திறக்கும்போது விண்டோஸில் ஷிப்ட் கட்டையையும், மாக்கில் ஆப்ஷன் கட்டையையும் அழுத்திக்கொண்டே திறந்தால், எந்தப் பேரேடு என்று கேட்கும். கொண்டுவந்ததைக் காட்டிவிடுங்கள். அவசரப்பட்டுப் புதிய கம்ப்யூட்டரில் வெறும் ஐடியூன்ஸை முன்னதாகவே திறந்துவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். அது தனக்கென்று ஒரு வெற்றுப் பேரேட்டை உண்டாக்கி வைத்திருக்கும். அதை அப்புறப்படுத்திவிட்டு இதை வைக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்ப்யூட்டரிலிருந்து கம்பி வழியாகப் பாட்டு ஏற்றிக்கொள்ளும் போன், ஒரு சமயத்தில் ஒரு பேரேட்டைத்தான் எஜமானாக ஏற்றுக்கொள்ளும். புதிய கம்ப்யூட்டரின் வெற்றுப் பேரேட்டோடு அதை இணைத்தால், "இதிலுள்ள பாட்டுகளை அழித்துவிட்டுப் புதிதாக வைக்கட்டுமா?" என்று கேட்கும். யோசியாமல் 'ஆகட்டும்' என்று பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் பலர். பழைய பேரேட்டையே கொண்டுவந்துவிட்டால் இந்த வம்பே கிடையாது. எஜமான் வீடு மாறியிருக்கிறார், அவ்வளவுதான் என்று போன் அடையாளங் கண்டுகொள்ளும்.

இன்னொரு விஷயம் பணம் கொடுத்து வாங்கின பாட்டுகளைப் பற்றியது. 2003-ல் ஆப்பிள் கம்பெனியார் பாட்டுக் கடை திறந்தபோது, விற்ற பாட்டுகளுக்குப் பூட்டுப் போட்டே விற்றார்கள். அனுமதி பெற்ற கம்ப்யூட்டரில்தான் அவை பாடும். 2009-ம் வருஷத்தில் பாட்டுகளுக்குப் பூட்டுப் போடுவதை விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் அந்தக் கடை 2012-ம் வருஷம் டிஸம்பரில்தான் திறந்தது. ஆகையால் இங்கே வாங்கினவர்களுக்குக் கவலையில்லை. அதற்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளைகளும் பெண்களும் வாங்கி வைத்த பழைய பாட்டுகளிலேதான் பூட்டு இருக்கும். ஒரு கணக்குக்கு ஐந்து கம்ப்யூட்டர்களுக்குத்தான் அனுமதி.

பூட்டுப் போட்ட பாட்டை வாங்குவது என்ன மாதிரிச் சொத்து என்பதை மைக்ராஸாப்ட் கம்பெனியாரின் எம்.எஸ்.என். மியூஸிக் கடையில் வாங்கினவர்கள் நன்றாக அறிவார்கள். 2006-ல் அந்தக் கடை விற்பனையை நிறுத்தியது. 2008-ம் வருஷம் ஏப்ரலில், ஆகஸ்டு 31-ந் தேதிக்குப் பிறகு சாவி கொடுக்கமாட்டோம் என்று வாடிக்கைக்காரர்களுக்கு அறிவித்தார்கள். இருக்கிற கம்ப்யூட்டரில் பாட்டு பாடும். புதிய கம்ப்யூட்டருக்கு மாறினால் பாடாது. ஜனங்கள் போட்ட கூச்சலில் கெடுவை 2011-ம் வருஷ முடிவு வரையில் நீட்டினார்கள். காசு கொடுத்து வாங்கின பொருளை வீடு மாறும்போது எடுத்துப் போகக் கூடாதென்று கடைக்காரர் சொல்வது எந்த ஊர் நியாயமோ எனக்கு விளங்கவில்லை.

இந்தக் காலத்தில் மாதச் சந்தா கட்டி எந்தப் பாட்டையும் கேட்கலாமே, இவ்வளவு பிரயாசை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவந்தான். சந்தா கட்டுகிறவர்களுக்குப் பேரேட்டைக் கம்பெனியாரே வைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் மாறினால் ரகசியச் சொல்லைக் கொடுத்த மாத்திரத்தில் எல்லாம் வந்து நிற்கும். ஆனால் எங்கள் தெருக் கோயிலில் நடந்த உத்ஸவக் கச்சேரி எந்தச் சந்தாவிலும் அகப்படாது. அதைப் பிடித்து வைத்தவர் எழுதிய குறிப்பும் அகப்படாது.

எல்லாம் மாற்றியானதும் பழைய கம்ப்யூட்டரை உடனே அழித்துவிட வேண்டாம். புதியதில் பத்துப் பாட்டுகளை அங்கும் இங்குமாகப் போட்டுக் கேளுங்கள். பிளேலிஸ்ட்டுகள் இருக்கின்றனவா, கேட்ட தடவைகளின் எண்ணிக்கை இருக்கிறதா, ஆச்சரியக் குறி எங்கேனும் தென்படுகிறதா என்று பாருங்கள். வெளி டிஸ்க்கில் இருக்கும் நகலை அப்படியே பீரோவில் வைத்துவிடுங்கள். கடைசியாகப் பழைய கம்ப்யூட்டரில் 'அக்கவுண்ட்' தலைப்பின் கீழ் 'ஆதரைஸேஷன்ஸ்' என்பதற்குப் போய், 'டீ-ஆதரைஸ்' செய்து அதன் அனுமதியை ரத்துச் செய்யுங்கள். செய்யாமல் விற்றுவிட்டால் ஐந்தில் ஓர் இடம் அதன் பேரிலேயே நின்றுகொண்டிருக்கும்; ஐந்தையும் ஒருங்கே ரத்துச் செய்ய வருஷத்துக்கு ஒரு தரந்தான் இடங்கொடுக்கிறார்கள். அதன் பிறகு பழைய சாமான்காரரைக் கூப்பிடலாம்.