பத்தாயம் நிறைந்த வீட்டில் சத்துக்குறைவு

நாற்று மஞ்சளித்தால் நமக்கு உறக்கம் வருவதில்லை. தழைச்சத்துக் குறைவோ, துத்தநாகக் குறைவோ என்று விசாரித்து, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கறவைப் பசு பாலைக் குறைத்தால், பிண்ணாக்கு எவ்வளவு, பருத்திக்கொட்டை எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். ஆனால் வீட்டில் உள்ளவர் ஒருவரின் முகம் வெளுத்தால், கண்ணேறு என்றோ வேலை மிகுதி என்றோ சொல்லி அமைந்துவிடுகிறோம். ஆகாரத்தின் குணங்களைக் கற்பது வைத்தியர்களுக்கே உரியது என்று ஐம்பது வயதுவரை நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று அறிந்த வகையை இங்கு எழுதத் துணிகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகள் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம் என்றார்கள். கருவுற்றவளுக்கு 11 கிராமுக்குக் குறையலாகாதாம். அங்கிருந்த செவிலியர் என்னை நோக்கி, "ஐயா, நேற்று உங்கள் மகள் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று காலை என் தொழுவத்தில் எந்த மாட்டிற்கு எத்தனை படி தவிடு வைத்தது என்று கேட்டிருந்தால் பிழையின்றிச் சொல்லியிருப்பேன். பத்தாயத்தில் நெல் நிறைந்திருந்தது. வீட்டில் பிறந்த பெண் சோகையுற்றிருந்தாள். அந்த வெட்கமே நான் ஆகார சாஸ்திரம் படிக்கப் புகுந்ததற்குக் காரணம்.

இத்துறையைக் கற்கப் பலரைப் பல காரணங்கள் தூண்டுகின்றன. நீரிழிவு வந்தபின் அச்சத்தாற் படிப்பவர் உண்டு. உடல் இளைக்க விரும்பிப் படிப்பவரும் உண்டு. அவற்றை நான் இகழவில்லை. ஆயினும் அச்சம் தணிந்தவுடன் புத்தகம் மூடப்படுகிறது. குடும்பத்தில் உண்பவர் அனைவருக்கும் நான் கடமைப்பட்டவன் என்னும் எண்ணத்தாற் பிறந்த படிப்பே நிலைக்கும் என்பது என் அபிப்பிராயம். விளைவிப்பவனுக்கு அக்கடமை இரட்டிப்பானது; எதை விதைப்பது என்று தீர்மானிப்பவன் அவனே.

வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு என்பதற்கு ஒரு வரலாறு கூறுவேன். 1880-களின் இறுதியில், ஜாவாத் தீவில் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர். அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களுக்குப்பின் தாமே தேறின. விசாரித்ததில், இடைக்காலத்தில் இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டதென்றும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்தபின் நோய் நீங்கிற்றென்றும் தெரிந்தது. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் பிழைத்தன. அரிசியில் ஒரு நஞ்சு உண்டென்றும் அதைத் தவிடு முறிக்கிறதென்றும் எய்க்மன் முதலில் கருதினார். தவிட்டிலுள்ள ஓர் இன்றியமையாத பொருள் குறைந்ததே நோய்க்குக் காரணம் என்று 1901-ல் விளக்கியவர் அவருடன் பணிபுரிந்த கிரைன்ஸ். இவ்வாராய்ச்சிக்காக எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இது நமக்கு அயலான கதையன்று. பழைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. இவ்வகைக் குறை நோய்கள் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிசாலையில் ஆராயப்பட்டன. அது 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி1 என்னும் ஜீவசத்து தவிட்டுப் பாகத்திலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகையால் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அந்நிறுவனத்தின் பழைய அட்டவணையில், 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் பி1 சத்து 0.06 மில்லிகிராம், தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. நம் பாட்டிமார் அட்டவணை பாராமலே சரியாகச் செய்தனர். வெண்மையை விரும்பும் நாமோ தவிட்டை மாட்டிற்கு வைத்துவிட்டு வெள்ளைச் சோற்றை உண்கிறோம்.

"முன்னோர் படித்தா உண்டார்கள்?" என்று வினவுவோர்க்கு என் விடை இதுவே. அவர்கள் புன்செயில் கேழ்வரகும் கம்பும் துவரையும் ஊடே விதைத்தனர். விதைப்பே அவர்கள் படிப்பாயிருந்தது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. விதைப்பு மாறியபின் படிப்பு அவசியமாயிற்று. இனி, "இது பெண்கள் காரியம்" என்பாரும் உளர். அப்பெண்களே வீட்டில் கடைசியாக உண்பவர்கள். பருப்பும் கீரையும் தீர்ந்தபின் எஞ்சிய சோறே அவர்கள் பங்கு. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகையுடையவர். இக்கணக்கில் என் வீடும் ஒன்று என்பதை நான் மறைக்கவில்லை.

கற்றபின் நான் செய்தவை சிறியனவே. ஆட்டிற்கென்று வெட்டிய அகத்தியும் வேலியிலிருந்த முருங்கையும் அடுப்படிக்கு வந்தன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். ஆகவே தேநீரை உணவினின்று விலக்கினோம். கால் ஏக்கரில் கேழ்வரகு போட்டேன். எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்பதென்று விதித்துக்கொண்டோம். சுகாதார நிலையத்தார் கொடுத்த மாத்திரைகளையும் மகள் தவறாது உட்கொண்டாள். உணவு மருந்துக்கு மாற்று என்று எவரும் மயங்கவேண்டா. பிரசவத்திற்குள் அளவு 10-ஐக் கடந்தது; தாயும் சேயும் நலம்.

கிராம நிர்வாக அலுவலர்க்கும் ஊராட்சித் தலைவர்க்கும் ஒரு விண்ணப்பம். கிராம சபையில் பாதை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசும்போது, சத்துணவுக் கூடத்தருகே பத்து முருங்கையும் ஒரு கீரைப் பாத்தியும் வைப்பது பற்றியும் பேசுங்கள். மிராசுதாரர்கள் அடுத்த பருவத்திற்கு விதை வாங்கப் புறப்படுமுன், அன்று வீட்டில் யார் என்ன உண்டார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக. விடை தெரியாமற் போனால், அன்றே கற்கத் தொடங்குவது உத்தமம்.