மேடு சிறியது என்பவர்களுக்கு

“மேட்டில் சாமி கும்பிடுவது மலைநாட்டுச் சங்கதி. மயிலாடுதுறைப் பக்கம் வரப்பைவிட உயரமாக என்ன இருக்கிறது? சீர்காழிக் கோயிலில் இருப்பது வெறும் கட்டுமலை.” இப்படிச் சொல்பவர்கள் விவிலியத்தில் வரும் வழிபாட்டு மேடைகளையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அந்தச் சாட்சி அவர்கள் பக்கம் நிற்காது. சாலொமோன் பலியிட்ட கிபியோன் மேடை மலைநாட்டில் இருந்தது, சரி. ஆனால் எரேமியா கண்டித்த தோப்பேத் மேடைகள் இருந்தது இன்னோம் பள்ளத்தாக்கில். யோசியா இடித்தவற்றில் சில, நகர வாசலை ஒட்டியே நின்றவை. மெகிதோவில் அகழ்ந்தெடுத்த வட்டப் பலிமேடை ஆள் உயரம்கூட இல்லை.

அடுத்தது உயரக் கணக்கு. மீட்டரில் அளந்தால் பழனியிடம் சீர்காழி தோற்கத்தான் செய்யும். ஆனால் சீர்காழி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே மேலே உள்ள ஊர். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது வயல் எது, தெரு எது என்று தெரியவில்லை. இந்த மண்ணில் பத்தடி மேடு என்றால் என்னவென்று வெள்ளத்தில் மாடு கட்ட இடம் தேடியவர்களைக் கேட்க வேண்டும். ஊழி வெள்ளத்தில் இறைவன் தோணியேறி வந்த கதை இங்கே வழங்குவதும், கீழே பிரமபுரீசர் இருக்க அந்தத் தோணியப்பரை நடுத்தளத்திலும் சட்டைநாதரை உச்சியிலும் வைத்திருப்பதும் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

முக்கியமில்லாத மேடாம்! குளக்கரையில் தனித்து நின்ற மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தர் ‘அம்மே அப்பா’ என்று அழுதபோது ஏறிட்டுப் பார்த்தது தோணிச் சிகரத்தைத்தான் என்கிறார் சேக்கிழார். திருமுறையின் முதல் பதிகம் அதற்குப் பிறகு வந்தது.

கடைசியாக, யானை. முற்பிறவியில் யானையோடு மோதிய சிலந்தியாக இருந்த கோச்செங்கட் சோழன், யானை ஏறக்கூடாதென்றே உயர்ந்த தளத்தில் மாடக்கோயில்களைக் கட்டினான்; ஆகவே அந்த உயரத்துக்கு வேறு பொருள் தேடாதே என்கிறார்கள். கதை அழகானதுதான், காரணமாகத்தான் தேறாது. சிலந்தியும் யானையும் மோதிய திருவானைக்காவைத்தானே முதலில் உயர்த்தியிருக்க வேண்டும்? அங்கே லிங்கம் நீர் கசியும் தாழ்வில் அல்லவா இருக்கிறது! திருநறையூர்ப் பெருமாள் கோயிலும் மாடக்கோயில்தான். சிலந்திக்கும் பெருமாளுக்கும் என்ன வழக்கு? ஆக்கூர்த் தான்தோன்றீசர் கோயிலைச் சம்பந்தர் பாட்டுக்குப் பாட்டு மாடம் என்றே பாடியிருக்கிறார். மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் போகிற வழிதான். சந்தேகமிருப்பவர்கள் இறங்கி ஏறிப் பார்க்கலாம்.